காரணம் சொல்லாமல் கொடுத்த அறை

இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் அவர் பார்த்த வேலை ஒன்றுதான்: சந்தேகப்படுவது. தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன நகை, செத்துப்போன மனிதன் என்று எது வந்தாலும் நேரில் போய்ப் பார்த்து, இது நிஜமா நாடகமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் பூதக்கண்ணாடி. ஓய்வு பெற்ற அன்று எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்ட பிறகுதான் நன்றி சொன்னார்.

அப்படிப்பட்டவருக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் ஆனதற்காக, மகள் ஒரு கப்பல் பயணம் பதிவு செய்து கொடுத்தாள். ஆறு நாள். மூன்றாம் தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறை. "கடலைப் பாக்கணும்னா மேல போய்ப் பாத்துக்கங்கப்பா, அறை தூங்கத்தானே" என்று அவள் சொன்னது அவருக்கும் நியாயமாகவே பட்டது. கொடுத்த காசுக்கு ஏற்ற அறை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

சந்தேகம் துறைமுகத்துக் கவுன்ட்டரில் ஆரம்பித்தது. கணினியில் அவர் பெயரைத் தட்டிய பெண் ஒரு நொடி திரையையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வந்துட்டாங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குக் கண்ணைவிடக் காது கூர்மை.

"உங்களுக்கு ஒன்பதாம் தளத்துல ஸ்வீட் ரூம் குடுத்திருக்காங்க, சார். கூடுதலா எதுவும் கட்ட வேண்டாம்" என்று பொன்னிற அட்டை இரண்டை நீட்டினாள்.

"எதுக்கு?"

"சிஸ்டத்துல அப்படி வந்திருக்கு, சார்."

"சிஸ்டம் தானா குடுக்காதேம்மா. யாரோ ஒருத்தர் விரல் வெச்சு அழுத்தினாத்தானே குடுக்கும்? யார் அது?"

அந்தப் பெண் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நல்லபடியா போயிட்டு வாங்க, சார்" என்றவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அதற்குள் மனைவி அட்டைகளை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டாள். பல் டாக்டரிடம் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவள். பயந்து வருகிறவர்களை வாயைத் திறக்க வைப்பது அவள் தொழில். வீட்டில் அவள் பார்த்தது அதற்கு நேர்மாறான வேலை. "வாயை மூடிக்கிட்டு வாங்க" என்றாள். "குடுத்தா வாங்கிக்கணும். குறுக்கு விசாரணை பண்ணக் கூடாது."

அறைக்கதவைத் திறந்ததும் அவள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு கூடம், அதில் வளைந்த பெரிய சோபா. உள்ளே தனியாகப் படுக்கையறை. குளியலறையில் இரண்டு கைகழுவும் தொட்டி, ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் குளியல் தொட்டி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சொந்தமாக ஒரு பால்கனி, அதற்கப்பால் மறைவே இல்லாமல் கடல். மேஜைமேல் தட்டு நிறையப் பழம். அதில் சாய்த்து வைத்த ஒரு வரவேற்பு அட்டை.

மனைவி உடனே மகளுக்குப் போன் போட்டாள். "ஏய், எங்களுக்கு ஸ்வீட் குடுத்திருக்காங்கடி!"

"சாப்பிட்டுத் தொலைக்காதம்மா. போன மாசம்தான் சுகர் ஏறியிருக்குன்னு டாக்டர் திட்டினாரு."

"ஐயோ, திங்கிற ஸ்வீட் இல்லடி. தங்குற ஸ்வீட்டு!"

அவள் சிரித்துச் சிரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது பூதக்கண்ணாடி தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கம்பி அசையவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவின் பூட்டு மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. குளியலறைச் சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. கட்டிலைச் சுற்றி இருந்த கம்பளத்தின் நிறம் கூடத்துக் கம்பளத்தின் நிறத்தைவிட ஒரு பிடி அடர்த்தி.

"பூட்டு புதுசு. பெயின்ட் புதுசு. கம்பளம் புதுசு" என்றார்.

"நல்லதுதானே?"

"எதையோ மறைக்கத்தான் புதுசு போடுவாங்க. இந்த அறையில யாரோ செத்திருக்காங்க. தெரிஞ்சவங்க யாரும் தங்க மாட்டேங்கிறாங்க. அதான் ஏமாந்தவன் தலையில கட்டிட்டாங்க."

"அப்படின்னா செத்தவங்களுக்கு நன்றி" என்று மனைவி ஒரு திராட்சையை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அறைப் பணியாளர் கதவைத் தட்டிவிட்டு வந்தார். பனைமரம் போல நெட்டையான ஆள். பதினோரு வருடமாகக் கப்பலில் இருப்பதாகச் சொன்னார். பூதக்கண்ணாடி பழத்தட்டை அவரிடம் நீட்டி, "நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க" என்றார்.

"எங்களுக்கு அனுமதி இல்லைங்க, சார்."

"ஒரு திராட்சைக்கு என்ன அனுமதி?"

"இல்லைங்க, சார். வேண்டாம்."

பூதக்கண்ணாடி மனைவியை அர்த்தத்தோடு பார்த்தார். "சரி, எங்களுக்கு முன்னால இந்த அறையில யார் இருந்தாங்க?"

"ஒரு புதுக் கல்யாண ஜோடி, சார்."

"அவங்க இப்ப எங்க?"

நெட்டை ஆள் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்குப் போயிருப்பாங்க, சார்."

"இருப்பாங்கன்னா? போனதை நீங்க பாக்கலையா?"

மனைவி இடையில் புகுந்து, துண்டு கூடுதலாக இரண்டு வேண்டும் என்று கேட்டு அந்த மனிதரைக் காப்பாற்றி அனுப்பினாள். கதவு மூடியதும் தட்டிலிருந்து ஐந்தாறு திராட்சையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, கணவரைப் பார்த்தபடியே மென்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில்தான் அந்தப் பெண்ணை அவர் முதலில் கவனித்தார். முப்பது வயது இருக்கும். கருநீலக் கோட்டு, இழுத்துக் கட்டிய கொண்டை, கையில் ஒரு கோப்பு. மாடிப்படி ஓரமாக நின்று கூடத்தைப் பார்த்தாள். எல்லா மேஜையிலும் ஓடிய கண் இவர்கள் மேஜைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இவர் நிமிர்ந்ததும் கோப்பைத் திறந்து படிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். இவர் எழுந்ததும் போய்விட்டாள்.

மத்தியானம் நீச்சல் குளத்துப் பக்கம் மறுபடி பார்த்தார். சாயங்காலம், மின்தூக்கிக் கதவு மூடுகிற நேரத்தில், எதிரே நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் கதவு மூடுவதைத் தடுக்காமல் விட்டுவிட்டாள்.

"அந்தக் கருநீலக் கோட்டு அம்மா யாரு?" என்று நெட்டை ஆளிடம் கேட்டார்.

"அறைகள் மேலாளர், சார். எல்லாத் தளத்து அறையும் அவங்க பொறுப்புதான்."

சொல்லிவிட்டு அவர் விரிப்பை மாற்ற உள்ளே போனார். கதவோரம் நின்ற தள்ளுவண்டியில் அறை எண்கள் எழுதிய தாள் ஒன்று செருகியிருந்தது. பூதக்கண்ணாடிக்குத் தாளைப் படிக்க வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைகீழாக இருக்கும் எழுத்தையும் படித்தே சம்பளம் வாங்கியவர். அவர்கள் அறை எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'வெளியே போனால், வந்தால் எனக்குச் சொல்லவும்.'

நெட்டை ஆள் வெளியே வருவதற்குள் தள்ளுவண்டியை விட்டு விலகி நின்றார்.

உள்ளே வந்து வரவேற்பு அட்டையை மறுபடி எடுத்தார். கையால் எழுதியது. 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்பதற்கு மேலே அவர் பெயர். அதைப் பார்த்தபடி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பயணச்சீட்டில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அவர் பெயரும் அப்பா பெயரும் முழுசாக நீட்டி முழக்கி இருக்கும். அட்டையில் இருந்ததோ இரண்டு தலைப்பெழுத்தும் ஒரு சுருக்கப் பெயரும். அலுவலக அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் மட்டுமே அவர் அப்படி எழுதுவார். வேறெங்கும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட இல்லை.

"ஏம்மா" என்று மனைவியைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "இங்க யாரும் சாகல. இது வேற. யாரோ என் பழைய ரிப்போர்ட்டைப் பாத்தவங்க."

"பாத்தா என்ன?"

"என் ரிப்போர்ட்டைப் பாத்தவங்கள்ல முக்காவாசிப் பேர் என்னைச் சபிச்சவங்க."

அன்று இரவு வெகுநேரம் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு மின்கசிவு என்ற ஜவுளிக்காரர். அவருக்கு இரண்டு மகள்கள். கைவிரலை இயந்திரத்தில் வேண்டுமென்றே கொடுத்த பட்டறைக்காரர். "உன் குடும்பம் விளங்காது" என்று நடுத்தெருவில் நின்று கத்திய லாரி முதலாளியின் மனைவி. யாருடைய மகள் இப்போது முப்பது வயதில் கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்க முடியும்? பட்டியல் இரண்டு பக்கம் தாண்டிப் போனது.

"இவ்வளவு பேரா?" என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வெளியே போகும்போது, மனைவியின் தலைமுடி ஒன்றை எடுத்து எச்சில் தொட்டு அலமாரிக் கதவிடுக்கில் குறுக்கே ஒட்டிவிட்டுப் போனார். யாராவது திறந்தால் அறுந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் முடி அறுந்திருந்தது. முகம் வெளிறி, பெட்டியில் இருந்த ஒவ்வொரு துணியையும் உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"யாரோ அலமாரியைத் திறந்திருக்காங்க."

"நான்தான் திறந்தேன். நீங்க கதவுக்கு வெளிய போனதும் என் தொப்பியை எடுத்தேன்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. மூணு நாளாச்சு. அந்தத் தொட்டியில நான் இன்னும் ஒரு தடவைகூட நிம்மதியாக் குளிக்கல, நீங்க வெளியில நின்னு 'என்ன சத்தம், என்ன சத்தம்'னு கேக்கிறதால. ஒண்ணு, போய் அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க. இல்லன்னா என்னை மூணாந்தளத்துக்கே அனுப்பிடுங்க. அங்க ஜன்னல் இல்லாட்டியும் மூச்சாவது விடலாம்."

அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் நேரே போய்க் கேட்பது அவர் வழக்கமில்லை. கேட்கப் போனால் எதிராளி தயாராக இருப்பார். எதிராளியை வரவழைக்க வேண்டும்.

நான்காம் நாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. பயணிகள் எல்லாம் கும்பல் கும்பலாக இறங்கி ஊர் பார்க்கப் போனார்கள். மனைவி தொப்பி மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பூதக்கண்ணாடி நெட்டை ஆளைக் கூப்பிட்டு, "குளியலறைக் குழாய் ஒழுகுது. பெரிய புகார். மேலாளர் நேர்ல வந்து பாத்தாத்தான் நாங்க கீழ இறங்குவோம்" என்றார்.

கால்மணி நேரத்தில் அவள் வந்துவிட்டாள். அதே கருநீலக் கோட்டு, அதே கோப்பு. "குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்களாமே, சார்" என்று குளியலறைப் பக்கம் திரும்பினாள்.

"குழாய் ஒழுகல" என்று அவர் போய்க் கதவைச் சாத்தினார். "அட்டையில என் பேரை எழுதினது நீங்கதானே?"

அவள் நின்றாள். "ஆமா, சார்."

"டிக்கெட்டுல இல்லாத பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கோப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்துபோன நகல். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கம். கீழே அவர் கையெழுத்து. மேலே ஒரே ஒரு பத்தி: 'நீர்த்தேக்கப் பணியாளரின் மரணம் விபத்தே என முடிவு செய்கிறேன்.' தேதி இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது.

அவர் நோட்டுப் பட்டியலில் இது இல்லை. இருக்கவும் முடியாது. அவர் மறுத்தவர்களை மட்டும்தான் எழுதியிருந்தார்.

"எங்கப்பா" என்றாள் அவள். "நீர்த்தேக்கத்துல தினமும் தண்ணி மட்டம் பாத்து எழுதுற வேலை. எனக்கு அப்ப ஒன்பது வயசு."

மனைவி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "மூணு வாரத்துக்கு முன்னால பயணிகள் பட்டியல்ல உங்க பேரு வந்துச்சு. தலைப்பெழுத்தும் ஊரும் வயசும் ஒத்துப்போச்சு. இந்தத் தளத்து அறைங்களுக்கு நான் நேர்ல வந்து பேசுறது வழக்கம்தான். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மூணாந்தளத்துக்கு வந்தா கேப்பாங்க. அதான் இங்க மாத்தினேன். ஆனா வந்து பேசத் தைரியம் வரல. மூணு நாளா உங்க பின்னாலயே சுத்துறேன். நன்றி சொல்லணுமா சண்டை போடணுமான்னு எனக்கே தெரியல."

"சண்டையா? எதுக்கு?"

"நீங்க பாவம் பாத்து எழுதினீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. ஊர்லயும் அதைத்தான் சொன்னாங்க. அன்னிக்குக் காலையில அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. 'நீ இல்லாம இருந்தாலே நாங்க நிம்மதியா இருப்போம்'னு அம்மா சொல்லிட்டாங்க. அப்பா சாப்பாட்டு டப்பாவை எடுக்காமப் போனாரு. சாயங்காலம் செருப்பு மேல்படியில இருந்துச்சு, ஆள் தண்ணியில இருந்தாரு. 'செருப்பைக் கழட்டி வெச்சிட்டுக் குதிச்சிட்டாரு. அந்த ஆபீசர் நல்ல மனுஷன், பொம்பளப் புள்ளையோட நிக்கிறாளே, பணமாவது கிடைக்கட்டும்னு விபத்துன்னு எழுதிட்டாரு.' இதைக் கேட்டுத்தான் நான் வளந்தேன். அன்னியிலிருந்து எங்கம்மா யார்கிட்டயும் குரலை உசத்திப் பேசினதில்ல. என்னைத் திட்டினதுகூட இல்ல." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க, சார். எங்கப்பா எங்களை விட்டுட்டுத்தானே போனாரு?"

பழி வாங்க வந்தவள் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த நொடியே சுருக்கென்று கோபமும் வந்தது.

"பாவம் பாத்தேனா? நானா?" என்றார். "கேஸைத் தள்ளணும்னுதான்மா நான் அங்க போனேன். முதல் நாளே பக்கத்து வீட்டுல சண்டையைப் பத்தி சொல்லிட்டாங்க. செருப்பைப் பத்தியும் சொன்னாங்க. போகும்போதே மனசுக்குள்ள ரிப்போர்ட் எழுதியாச்சு. ஏழு தடவை போனேன். செருப்புக் கதைதான் முதல்ல உடைஞ்சுது. அங்க வேலை செய்யிற மத்த மூணு பேரும் செருப்பை மேலயே விட்டுட்டுத்தான் இறங்குறாங்க. படியெல்லாம் பாசி, செருப்போட இறங்கினா வழுக்கும். மறைஞ்சு நின்னு நாலு நாள் பாத்தேன். ஒருத்தராவது செருப்போட இறங்குறாங்களான்னு. இறங்கல."

அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் தண்ணி மட்டம் பாக்கக் கோடு போட்ட பலகை. தண்ணி குறைஞ்சு அடிக்கோடெல்லாம் வெளிய தெரிஞ்ச சமயம். கோடு மேலயும் பாசி. உங்கப்பா கம்பி பிரஷ் எடுத்துக்கிட்டு இறங்கியிருக்காரு. பிரஷ் மதகுக்கிட்ட வலையில மாட்டியிருந்துச்சு. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நானே இறங்கினேன். ரெண்டு கோடு பளிச்சுனு தேய்ச்சிருந்துச்சு. மூணாவது கோடு பாதி. அந்தப் படியிலதான் கைப்பிடிக் கம்பியோட அடி உடைஞ்சிருந்துச்சு. உள்ள துரு, ஓரத்துல மட்டும் புதுசா உடைஞ்ச பளபளப்பு. சாகப் போற ஆள் பாதிக் கோட்டைத் தேய்ச்சுக்கிட்டா நிப்பாரு?"

வெளியே துறைமுகத்தில் ஏதோ பாரந்தூக்கி கிரீச்சிட்டது.

அவள் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல அது எதுவுமே இல்லையே."

"அது பன்னெண்டாவது பக்கம். உங்களுக்கு முடிவு மட்டும்தான் குடுப்பாங்க. மிச்சப் பதினோரு பக்கம் ஆபீஸ்லயே கிடக்கும்."

"இப்பவும் பாவம் பாத்துத்தான் சொல்றீங்களோ, சார்?"

பூதக்கண்ணாடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவரின் வார்த்தையை விட்டுவிட்டு, கண்ணிமையையும் விரல்நுனியையும் பார்க்கிற பார்வை. முப்பத்தோரு வருடம் அவர் அதை மற்றவர்கள் மேல் வீசியிருக்கிறார். ஒரு தடவைகூட அது அவர் மேல் விழுந்ததில்லை. நிஜத்தைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சொல்வதற்கு வேறு சாட்சியம் இல்லை.

மனைவிதான் எழுந்து வந்தாள். பல் டாக்டர் நாற்காலியில் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிற குரல் அது. அவரிடம் அவள் அப்படிப் பேசியதே கிடையாது.

"இங்க பாரும்மா. இவரைப் பத்தி உனக்குத் தெரியாது, நான் சொல்றேன். நீ வெச்ச பழத்துல ஒரு திராட்சையைக்கூட இவர் இன்னும் வாயில வெக்கல, விஷம் இருக்கும்னு. உன் பால்கனிக் கம்பியை உலுக்கிப் பாத்தாரு. எங்க பொண்ணு சைக்கிள்ல விழுந்து கையை உடைச்சுக்கிட்டு வந்தப்ப, அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இவர் தெருவுக்குப் போய்ப் பள்ளத்தை அளந்துக்கிட்டு இருந்தாரு. எங்கண்ணன் ஒரு தடவை கார் கேஸ் போட்டான். இவருக்கு வந்த கேஸ்கூட இல்ல, வேற ஆபீசர் பாத்தது. இவரா போய், 'அது பழைய அடி, எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டு வந்துட்டாரு. கூடப்பிறந்தவன் பன்னெண்டு வருஷம் எங்க வீட்டுப் படி ஏறல. இந்த மனுஷனா உங்கம்மாவுக்குப் பாவம் பாப்பாரு?"

அந்தப் பெண் திரும்பிப் பழத்தட்டைப் பார்த்தாள்.

"உங்கப்பா கேஸ் எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மனைவி தொடர்ந்தாள். "ஒருநாள் சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தாரு. மூக்குக் கண்ணாடி தண்ணியில போச்சு. ஒரு வாரம் காய்ச்சல். படுத்துக்கிட்டே புலம்பினாரு: 'எப்படிப் பாத்தாலும் தள்ள முடியலடி. ஒரு ஓட்டைகூடக் கிடைக்கல.' அவ்வளவு எரிச்சல் இவருக்கு. கஷ்டப்பட்டுத் தேடியும் தப்பு கிடைக்கலைங்கிற எரிச்சல்."

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. மனைவி தன்னைப் பற்றி இத்தனை கணக்கு வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் விஷயத்தில் அவள் அன்றும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மேலாளர் அப்போதுதான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கோப்பை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை கோடு, சார்?"

"ரெண்டரை."

"ரெண்டரை" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சட்டென்று போனை எடுத்தாள். "துறைமுகத்துல நிக்கிறப்பத்தான் லைன் நல்லாக் கிடைக்கும். எங்கம்மாகிட்ட இதைச் சொல்வீங்களா?"

மறுமுனையில் எடுத்த குரல் மெல்லியதாக இருந்தது. மகள் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அவர் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அந்தக் குரல், "எம்பொண்ணு சொல்லச் சொன்னாளா, ஐயா?" என்றது.

"இல்லைங்க" என்றார் பூதக்கண்ணாடி. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். செருப்பு, பிரஷ், கோடு, கம்பி. இந்தத் தடவை வேகமாகச் சொல்லவில்லை.

"அவர் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமப் போனாரே, ஐயா. என்மேல கோவத்துலதானே?"

ஆமாம் என்றால் அந்த அம்மாள் உடைந்துபோவாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். "கோவம் இருந்திருக்கும். இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல? கோவத்தோடயே வேலைக்குப் போயிருக்காரு. கோவத்தோடயே பலகையைத் தேய்ச்சிருக்காரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை.

"தேய்ச்சிருப்பாரு" என்றது அந்தக் குரல். "கோவம் வந்தா அவருக்குக் கை சும்மா இருக்காது. சைக்கிளைத் துடைப்பாரு. சட்டியைக் கரி போகத் தேய்ப்பாரு. ஒருதரம் என்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஜன்னல் கம்பி பூரா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாரு... தேய்ச்சிருப்பாரு. ஆமா. அவர்தான் அது." குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது. "அந்தப் பாதிக் கோட்டையும் தேய்ச்சு முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்னு நின்னிருப்பாரு, அந்தப் பிடிவாதம் பிடிச்ச மனுஷன்! கம்பி ஆடுதுன்னா மேல ஏறி வர வேண்டியதுதானே? வர வேண்டியதுதானே?"

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா கத்துவதை மகள் கேட்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் போய்விட்டாள்.

அன்று மனைவி தனியாகத்தான் ஊர் பார்க்க இறங்கினாள். பூதக்கண்ணாடி இறங்கவில்லை. பட்டியல் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் சுத்தமான பக்கமாகப் பார்த்துத் திருப்பி, மேஜையில் உட்கார்ந்து, கம்பெனியில் கிடக்கும் பதினோரு பக்கத்தையும் நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார். எங்கே நினைவு சரியாக இல்லையோ, அங்கே 'உறுதியாகத் தெரியவில்லை' என்று ஓரத்தில் குறித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. மனைவி திரும்பி வந்து தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

சாயங்காலம் மேலாளர் வந்தபோது, நினைவில் நின்றதெல்லாம் ஒன்பது பக்கத்தில் முடிந்து, கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அவள் நின்றபடியே படித்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் வீங்கியிருந்தது. நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இது தப்பு, சார்."

"எது?"

"படி முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. முப்பத்துமூணு. அப்பா என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்காரு. நான் எண்ணிக்கிட்டே இறங்கினேன்."

ஆதாரம் காட்டாமல் அவர் அறிக்கையில் ஒரு புள்ளியைக்கூட இதுவரை யாரும் மாற்றியதில்லை. குளியலறையிலிருந்து மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை எடுத்து முப்பத்திரண்டை அடித்துவிட்டு, மேலே முப்பத்துமூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.